நாற்பத்தொன்றாம் பக்கத்துக் குத்துவாள்

என் உசிருக்கு உசிரான மாப்ள ரகீமுக்கு,

மூன்று நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலண்டர் சீசன், அச்சகத்தில் மூச்சுவிட நேரமில்லை. நானோ வாசலுக்கும் மிஷினுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அந்த இத்தாலி வாள்சண்டைப் புத்தகத்துக்கு மறுபடி ஆர்டர் வந்திருக்கிறது. நானூறு வருஷத்துக்கு முந்தைய படைவீரர்களுக்கான பாடம். ஒரு கையில் வாள், மறு கையில் குத்துவாள். முதல் தடவை அச்சடித்தபோது கழித்துப்போட்ட தாள்களைக் கொண்டுபோய், ஞாயிறுதோறும் நாரணாபுரம் பொட்டலில் நம் கூட்டாளிகளோடு சிலம்பக் கம்பும் குட்டைக் கம்புமாக ஒவ்வொரு அடியையும் பிரித்துப் பார்த்தோமே, அதேதான்.

நாற்பதாம் பக்கத்தில் வெட்டுகிறவன், எதிரே நாற்பத்தொன்றில் தடுக்கிறவன். அங்கேதானே சிக்கினோம்? படத்தில் உள்ளபடி வலது கையில் குத்துவாளை ஓங்கி நீ நின்றாய். நான் வெட்டினேன். ஒவ்வொரு தடவையும் உன் இடது தோளில்தான் விழுந்தது.

"மச்சான், படந்தாம்லே தப்பு. கீழ இங்கிலீஷ்ல லெஃப்ட் ஹேண்டுன்னுல்ல போட்டுருக்கான்" என்றாய்.

"எழுத்துல பிழை வரும். படம் நான் ஒட்டுனது, தப்பாது. ஒனக்குக் கை வேகம் பத்தல" என்றேன்.

எம்புட்டுத் திமிர் எனக்கு. கம்பைப் போட்டுவிட்டு நீ போனாய். அதோடு பேச்சு நின்றது. இருபதே நாளில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது ஆர்டரோடு ஒரு கடிதம்: நாற்பத்தொன்றாம் பக்கப் படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறது, சரிசெய்யவும். அச்சுத் தகடு எடுக்க அன்றைக்கு ஒட்டிவைத்த பழைய பிலிமை எடுத்துப் பார்த்தேன். தடுக்கிறவனை நான்தான் குப்புறப் போட்டு ஒட்டியிருக்கிறேன். எழுத்து தனி பிலிம், அதனால் அது நேராகவே இருந்திருக்கிறது.

நேற்று உன் வீட்டுக்குப் போய்ப் பாத்திமா தங்கச்சியிடம் சொல்லி அழுதேன்.

"அவுகளுக்கு அப்பமே தெரியும்ண்ணே. 'செல்வம் அந்தப் பிலிமை இன்னொருக்கா பாத்தான்னா ஓடியாந்துருவான், கதவைத் தாழ் போடாத'ன்னு படுத்துக்கிட்டே சொன்னாக" என்றாள்.

நான் ஏன் அப்போதே பார்க்கவில்லை, மாப்ள? பார்க்க எம்புட்டு நேரம் ஆகியிருக்கும்?

பிலிமை நேராக ஒட்டிவிட்டேன். இந்த ஞாயிறு பொட்டலில் உன் இடத்தில் நான் நிற்பேன். கூட்டாளிகள் எல்லாரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டு, முதலில் நான் ஒட்டிய படத்தின்படி நின்று இடது தோளில் அடி வாங்குவேன். பிறகுதான் குத்துவாளை நீ சொன்ன கைக்கு மாற்றுவேன்.

உன்னை அடித்த கையாலேயே எழுதும்
உன் மச்சான் செல்வம்