மாப்பிள்ளை மச்சாளுக்கு, மீசை மை எனக்கு

13 ஜூன் 96, வியாழன்

ஆபிரிக்காப் பக்கமிருந்து சுடுகாற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் புழுதி. அந்தோனியார் திருநாள்.

வெட்கத்தை முதலில் எழுதித் தொலைக்கிறேன். ஆள் வருவது என் மச்சாள் ஜெசிந்தாவைப் பெண் பார்க்க. மீசைக்கு மை பூசியது நான். நாற்பத்தெட்டு வயதில், குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, மகளின் பழைய பல்துலக்கியால். மீசையோடு சேர்த்து மேலுதடும் கறுத்துவிட்டது. மகள் சில்வியா, வயது பத்து, உண்மை பேசும் வியாதி: "பப்பா, ஆரோ உங்கடை மூக்குக்குக் கீழை கோடு கீறியிருக்கினம்."

மாப்பிள்ளை அருளப்பு. எங்கள் மன்னார்தான். இப்போது நோர்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலை. 44. மூன்று தங்கச்சிமாரைக் கரையேற்றிவிட்டுத் தனக்கென்று இப்போதுதான் தேடுகிறார். ஜெ.க்கு 37. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போனது. இதுவும் போனால் இனி ஒருவரும் கேட்டு வரமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும், அவளுடைய அக்காவும் என் மனைவியுமான மெற்றில்டாவுக்குத் தெரியும், ஞாயிறு பூசைக்கு வரும் சனம் முழுவதற்கும் தெரியும்.

எனக்குத் தெரிந்தது வேறு. பலேர்மோவின் கபோ சந்தைக்குப் பின்னால் நாங்கள் இருக்கும் இரண்டு அறையும் ஜெ. வேலை செய்யும் வீட்டுக் கிழவி சின்யோராவுடையவை. "ஜெசிந்தா மேல்மாடியில் இருக்கும்வரை நீங்கள் கீழே இருக்கலாம்." இது சின்யோராவின் வாக்கு. ஜெ. நோர்வே போனால் நாங்கள் தெருவில். இதை மெற்றியும் நானும் வாய்விட்டுக் கதைத்ததில்லை. அவள் தங்கச்சியைப் பற்றி மட்டும் யோசிக்கிறாள். நான் அறைகளைப் பற்றியும்.

துறைமுகம். நாப்போலிக் கப்பல் ஒன்றரை மணி நேரம் பிந்தியது. அரு. இறங்கினார். இந்த வெயிலில் கையில் கம்பளிக் கோட்டு. பெட்டி நிறையக் கருவாடு. "பொம்பிளை பாக்க வாற ஆள் பூவோடை வரும். இது நாறிக்கொண்டு வந்திருக்கு" என்று மெற்றியின் காதில் சொன்னேன். கிள்ளினாள். பெட்டியை நான் தூக்கிக்கொண்டு நடக்க, அவரும் ஜெ.யும் கயிறு கட்டும் இரும்புக் குற்றியருகே பத்து நிமிடம் நின்று கதைத்தார்கள். அவர் தன் தலையை ஒருபக்கம் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். வழுக்கையைப் பற்றியாக இருக்கும். அவள் தலையாட்டினாள்.

பலேர்மோவில் ஒரு பெண்ணும் ஆணும் ஒரு கதிரையில் இருந்தால் மாலைக்குள் மூன்று கோயிலுக்குச் செய்தி போய்விடும். அதனால்தான் மெற்றியின் திட்டம்: பனரேயாத் தீவு. சின்யோராவுக்கு அங்கே ஒரு சின்ன வீடு. அவர் பத்து நாள் ரோமில், பேத்தியின் கலியாணம். திறப்பைத் தந்துவிட்டுப் போனார். மெத்தைகளை வெயிலில் போட வேண்டும், பல்லிகளை விரட்ட வேண்டும். ஓகஸ்டில் இத்தாலியே அங்கே போய் விடியும்வரை ஆடும். அந்தப் பேருக்குப் பயந்து எங்கள் ஆட்கள் ஒருவரும் கால் வைப்பதில்லை. ஜூனில் ஆடல் கூடங்கள் பூட்டு. ஆக, இரவுக்குப் பேர்போன தீவில், பட்டப்பகலில் பெண் பார்ப்பு. அதுவும் ஜூனில் இரவே வராத ஊர்க்காரருக்கு. நான் இருந்து யோசித்தாலும் இப்படி ஒரு பகிடி வராது.

கொண்டு போவது: சோறு ஒரு சட்டி. மீன் பொரியல். சம்பல். சாறன் 2. செபமாலை. சலவைத் தூள். நாள் மூன்று, வாய் ஒன்று (என்னுடையது).

14, வெள்ளி

காற்று அடங்கியது. கடல் எண்ணெய் மாதிரி.

உணவகத்துக்குப் போன். (ஸ்ஃபெர்ராகவால்லோவில் நான் இறால் உரிக்கும் இடம்.) இடுப்பு பிடித்துவிட்டது என்றேன். "படு, எழும்பாதே, மாதா காப்பாற்றட்டும்" என்றார் முதலாளி. நல்லவர்களுக்குப் பொய் சொல்வது சுகம். ஒரு கேள்வியும் வராது.

விரைவுப் படகு. நான் யன்னலோரம். எனக்கு வலப்பக்கம் அரு. அவருக்கு அப்பால் ஜெ. ஒழுங்குபடுத்தியவர் அவரேதான். "ஜெசிந்தா இந்தப் பக்கம் இருக்கட்டும், அண்ணை." சரி, மறுபக்கக் காவல் நான். என் சரக்கு முழுவதையும் அவிழ்த்தேன். கோயில் நாடகத்தில் ஏரோது ராசாவின் தாடியில் மெழுகுதிரி பிடித்த கதை. அரிசி தேடிப் போய் ஐந்து கிலோ பூனைச் சாப்பாடு வாங்கி வந்தவனின் கதை. முன்வரிசைத் தமிழ் தெரியாத சனம்கூட என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. அரு. மற்றவர்கள் சிரித்து முடித்தபிறகு சிரிக்கிறார். டியூப்லைட். இந்த நாட்குறிப்புக் கொப்பிக்கு மட்டும்: மச்சாளுக்குக் கடைசியாகக் கிடைத்தது இதுதான்.

யன்னல் இடுக்கால் தெறித்த நீரில் மை கரைந்தது. சில்வியா: "பப்பா அழுறார், ஆனா மூக்காலை."

வீடு: வெள்ளைச் சுவர், நீலக் கதவு, கொத்துக் கொத்தாய்க் காகிதப்பூ. கார் இல்லை, தெருவிளக்கு இல்லை. எதிரே ஸ்ற்றோம்போலி மலை கால் மணிக்கு ஒருதரம் புகைவிடுகிறது, எங்கள் பங்குச்சாமி போல. எட்டு மெத்தை தூக்கினோம். அரு. ஆறு, நான் இரண்டு. எனக்கு இடுப்பு பிடித்திருக்கிறதே.

15, சனி

வெயில். மேகம் ஒன்று கூட இல்லை.

காலை ஜுங்கோ குடா வரை நடை. கடலோரக் கொடிப்பாதை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். தண்ணீர் பச்சைக் கண்ணாடி. மெற்றி செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால்வரை இறங்கினாள். கலியாணம் கட்டிப் பதின்மூன்று வருடத்தில் அவள் முழங்காலைச் சூரியன் பார்த்தது இதுதான் முதல்தடவை. சில்வியா நண்டைச் சிசிலிய மொழியில் திட்டினாள். ஜெ. சிரித்தாள். அழகாகத்தான் இருக்கிறாள் என்று எழுத வேண்டியிருக்கிறது.

கவனித்தது: போகும்போது அரு. அவளை மலைப்பக்கம் விட்டு நடந்தார். பண்பு. திரும்பும்போது பாதாளப் பக்கம் விட்டுக்கொண்டு வந்தார். "ஒரு மணித்தியாலத்திலை மனம் மாறிட்டுது போல" என்றேன். மெற்றி: "வாயை மூடிக்கொண்டு நடவுங்கோ."

பின்னேரம் கேட்டேன், "மெற்றி, அந்த அறையள்?" "எந்த அறையள்?" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாலை, துறையடி. ஆடல் கூடத் தளத்துக்குப் புது வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் துரி என்பவனின் பார். எங்களைக் கண்டதும், "ஜெசீ! பெல்லா!" என்று ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் முத்தம். இந்த ஊரில் பாட்டிக்கும் பாதிரிக்கும் கொடுக்கும் அதே முத்தம். பெயின்ற் அடித்தவர்களும் கை காட்டினார்கள். ஜெ. வெட்கப்பட்டு எல்லோரையும் பேர் சொல்லி விசாரித்தாள்.

கடலைப் பார்த்த நீள மதிலில் இருந்தோம். வழமையான வரிசை: நான், அரு., ஜெ. அவர் மெதுவாக, கடலைப் பார்த்தபடி கேட்டார்.

"இஞ்சை உங்களை எல்லாருக்கும் நல்லாத் தெரியும் போல?"

கேட்டது அவளிடம். பதில் சொன்னது நான்.

"தெரியாமல் என்ன தம்பி! ஓகஸ்ட் முழுக்க இவ இஞ்சைதானே. விடிய விடிய நித்திரை இல்லை. ஆட்டம் முடிஞ்சு அஞ்சு மணிக்குச் சனம் வர, அதோடை இவவும் வருவா. துரியின்ரை கடையிலை முதல் ஆள் இவதான். நோர்வேயிலை ஆடுற இடம் இருக்கோ? இவவுக்குச் சரிவராது பிறகு."

ஒரு சொல் பொய்யில்லை, கடைசியைத் தவிர. அதுதான் என் தொழில். முழு உண்மையும் எனக்குத் தெரியும், ஒவ்வொரு செப்டம்பரும் கண் வீங்கி வந்து அவளே சொல்வாள். பாட்டுச் சத்தத்தில் சின்யோராவுக்கு உறக்கம் வராது. இவள் விடியும்வரை இருந்து கிழவியின் கால் பிடிப்பாள். ஐந்து மணிக்கு துரி கடை திறக்க, கிழவிக்கு எலுமிச்சை ஐஸும் பணிஸும் வாங்க இறங்குவாள். ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. எலும்புத்துண்டு கண்ட நாய் மாதிரி வாயில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

அரு. ஜெ.யின் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். அவள் கைக்குட்டையை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். பிறகு அவரும் கடலைப் பார்த்தார். 

மெற்றி குசினியில்: "நீங்கள் மனிசனோ?"

"பகிடிக்குச் சொன்னது."

"அவளுக்கு இனி ஆரும் வராயினம் எண்டு தெரிஞ்சுதானே சொன்னனீங்கள்."

ஓம். ஆனால் குசினியில் அப்படிச் சொல்ல முடியாது. தண்ணீர் கேட்டேன். தரவில்லை.

16, ஞாயிறு

விடியற்காலை, லேசான காற்று.

கண் விழித்தபோது சின்யோராவின் பூவேலைத் தலையணை உறையில் முழு மீசை ஒன்று அச்சடித்திருந்தது. ஒளிக்க இடம் தேடி வெளியே வந்தால், துறையடி ஒழுங்கையால் அரு.வும் ஜெ.யும் ஏறி வருகிறார்கள். கையில் ஆளுக்கொரு ஐஸ் கோப்பை. அவள் கதைத்துக்கொண்டு வந்தாள், அவர் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு வந்தார். விளக்கம் சொல்கிறாள், பாவம். கறை விழுந்தபிறகு.

கறை என்றதும்: உறையை என் கையிலிருந்து வாங்கினவள் ஜெ. எலுமிச்சை, உப்பு, கல்லில் வைத்து அரை மணி நேரம் தேய்த்தாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு பகிடி வந்தது, விழுங்கினேன்.

"வெளிச்சிட்டுது அத்தான். சின்யோராவுக்குத் தெரியாது" என்றாள்.  ஒரு அறை அறைந்திருக்கலாம்.

17, திங்கள்

பலேர்மோ. புழுக்கம். அரு. நாப்போலிக் கப்பலில் ஏறினார். "யோசிச்சுப் போன் எடுக்கிறன் அண்ணை." இரண்டு இடமும் முன்பு இதைத்தான் சொன்னது. திரும்பி வரும் வழியில் நம் தெரு, நம் படி, நம் கதவு, நம் இரண்டு அறை. கட்டிலில் விழுந்து நன்றாக உறங்கினேன். எழுத வெட்கம்தான், ஆனால் நன்றாக.

முதலாளி என் வெயில்பட்ட மூக்கைப் பார்த்து: "உன் கட்டில் கடற்கரையிலா?"

23, ஞாயிறு

வெயில் கடும். போன் இல்லை.

பூசைக்குப் பிறகு வாசலில் வழமையான வட்டம். "தீவிலை என்ன புதினம்?" எப்படித் தெரிந்ததோ. சொல்லாமல் விட்டிருக்கலாம். எழுந்து நடித்தே காட்டினேன்: துரியின் முத்தம், கம்பளிக் கோட்டு, கருவாடு, டியூப்லைட். "ஆட்டக்காரி" என்ற சொல் தானாக வந்து விழுந்தது. ஒரு அக்கா கண்ணீர் வரச் சிரித்தா. சிரிப்பு அடங்கியபோதுதான் பார்த்தேன், சில்வியாவின் கையைப் பிடித்தபடி ஜெ. பின்னால் நின்றாள். அதற்குப் பிறகும் மேல்மாடிக்குப் போய் மகளின் சட்டைக்கு இஸ்திரி போட்டு அனுப்பியிருந்தாள். ஒரு சுருக்கம் இல்லை.

மெற்றி என்னோடு கதைப்பதில்லை. செய்திகள் சில்வியா மூலம். "அம்மா சொல்லுறா, சோறு சட்டியிலை இருக்காம். பப்பா விசப்பாம்பாம். இது நான் சொல்லேல்லை."

27, வியாழன்

மறுபடியும் சுடுகாற்று. யன்னல் எல்லாம் பூட்டு.

நோர்வேயிலிருந்து போன். மெற்றி எடுத்தாள். ஓம் ஓம் என்றாள், அழுதாள், நிலத்தில் இருந்தாள். நாலு நாளுக்குப் பிறகு எனக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தை: "ஓம் எண்டிட்டார். செப்டம்பரிலை கலியாணம்."

நான்: "அண்டைக்கு மதிலிலை நான் சொன்னதுக்குப் பிறகுமோ?"

"நீங்கள் சொன்னது அவருக்குக் கேட்டால்தானே."

மன்னாரில் ஷெல் விழுந்த நாளிலிருந்து மனிதருக்கு இடது காது அறவே கேளாதாம். முதல் நாள் துறைமுகத்திலேயே தொட்டுக் காட்டி ஜெ.க்குச் சொல்லிவிட்டாராம்.

சின்யோராவுக்கு மெற்றி சொல்லியாயிற்று. ஒக்ரோபர் கடைசிக்குள் அறைகளை விட வேண்டும்.

படகில், பாதையில், மதிலில், மேசையில், மூன்று நாளும் நான் அவருக்கு இடப்பக்கம். வலப்பக்கம் ஜெசிந்தா. அவளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.