ஊர்ச் சத்தம் எடுத்த வாரம்

ஜன. 19, திங்கள்

காலை மூட்டம். பெரம்பலூர் லாட்ஜில் வெந்நீர் இல்லை. இட்லி, பொடி. வேப்பந்தட்டை தாண்டி மலையடிவாரத்து ஊர். விமான நிலையம் வந்தால் விமானங்கள் இதன் தலைக்கு மேல்தான் இறங்கும். இன்னும் ஒரு கல்கூட நடவில்லை. அதற்குள் வரப்போகும் சத்தத்துக்குக் கணக்குப் போட வேண்டும். என் பிழைப்பு அது.

சத்தம் அளக்கும் மீட்டரை வைக்க ராசாத்தி அக்கா வீட்டு மாடி. மக்காச்சோளம் காய்ந்த இடத்தில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார். புருஷன் துபாயில். அப்பா படுத்த படுக்கை. ஒரே மகள், இவர்தான் பார்த்துக்கொள்கிறார். "எங்க வூட்டுக்காரரு வர்ற பிளேனு மட்டும் சத்தமில்லாம வரட்டுங்க மேடம்" என்று சிரித்தார்.

வாங்க: பேட்டரி, டேப், தலைவலி மாத்திரை.

ஜன. 20, செவ்வாய்

வெயில். அரியலூர் சாலையில் இரண்டாவது மீட்டர். சிமெண்ட் லாரி, மறுபடி லாரி. பல்லிடுக்கெல்லாம் புழுதி. ஏற்கெனவே இவ்வளவு இரைச்சல், அந்த இடத்துக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடைக்காது. இப்போதிருக்கும் சத்தம் விமானத்தால் எவ்வளவு உயரும் என்பதுதான் கேள்வி. நிறைய உயரும் என்றால் வரைபடத்தில் ஊரைச் சுற்றிக் கோடு விழும். பள்ளிக்கூடம் இடம் மாறும், வீடுகளுக்கு மாற்று இடம். கொஞ்சம்தான் உயரும் என்றால் காதைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

மாலை மலையடிவாரம். ஊருக்குள் நுழையும்போதே குழாய் ஸ்பீக்கரில் சாமி பாட்டு. பொங்கல்தான் முடிந்துவிட்டதே?

ஜன. 21, புதன்

இன்றும். கூடவே டிராக்டரில் ஸ்பீக்கர் பெட்டி, சினிமாப் பாட்டு. குழாயின் வாய் நேராக என் மீட்டரைப் பார்த்து. இதுவரை எடுத்தது அத்தனையும் வீண்.

டீக்கடை முத்துசாமி அண்ணன் ஏற்பாடாம். முகமெல்லாம் பெருமை. "மெசினு நல்லா ஏறுதுங்களா? ஏற்கெனவே இவ்ளோ சத்தத்துல கெடக்குற ஊருன்னு தெரிஞ்சா, பிளேன வேற பக்கம் திருப்பிருவாங்கல்ல?"

கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. பாவம், யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். டீ கிளாஸை எடுத்துக் காட்டினேன். "இது ரொம்பி இருந்தா மேல ஊத்துறது தெரியாதுண்ணே. காலியா இருந்தாத்தான் எவ்வளவு ஊத்துனாங்கன்னு தெரியும்." கூட்டம் சேர்ந்துவிட்டது. ராசாத்தி அக்கா கேட்டார், "அப்ப நாங்க சத்தம் காட்டாம இருந்தாத்தான் ஊருக்கு நல்லதா?"

ஆமாம், புதுசாக ஒரு வாரம் எடுக்கப்போகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பசி, எரிச்சல். அதோடு கிளம்பிவிட்டேன்.

மேனேஜர் போனில்: நேரமில்லை, இருப்பதை வைத்து முடி. முடியாது சார் என்றேன். கத்தினார். கத்தட்டும்.

ஜன. 23, வெள்ளி

பனி, பிறகு சுள்ளென்று வெயில். ஊர் அடங்கிக் கிடக்கிறது. டிவி இல்லை. கோயில் மணியின் நாக்கில் துணி சுற்றியிருக்கிறார்கள். மக்காச்சோளம் அடிக்க வந்த மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். முத்துசாமி அண்ணன் என் காதருகே வந்து, "டீ போடவாங்க?" சிரிப்பை அடக்க முடியவில்லை.

இவ்வளவு வேண்டாம், வழக்கம்போல இருங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் போன். அப்படியே விட்டுப்போயிற்று.

ராசாத்தி அக்காவின் அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது. டாக்டர் கையை விரித்துவிட்டாராம். அக்கா கட்டிலை விட்டு நகரவில்லை.

ஜன. 25, ஞாயிறு

மூட்டம் விலகவே இல்லை. ஊருக்குத் திரும்பும் வழியில் எதிரே ஆட்கள், ரோட்டை அடைத்து. காலடிச் சத்தம் மட்டும். காரை ஓரம் கட்டினேன். கிட்டே வந்த பிறகுதான் பாடை தெரிந்தது. பறை இல்லை, வேட்டு இல்லை, சங்குகூட இல்லை. பூ மட்டும் இறைத்துக்கொண்டு போனார்கள். ராசாத்தி அக்காவின் அப்பா.

இந்தப் பக்கம் நாதியற்றவர் செத்தாலும் மேளம் உண்டு. முத்துசாமி அண்ணன் கூட்டத்திலிருந்து விலகி வந்தார். "வெளியூரு சொந்தமெல்லாம் காறித் துப்பாத கொறதாங்க. ஊரு நல்லாருக்கணும், மெசினு ஓடுதுன்னு அந்தப் புள்ளதான் மேளம் வேணாம்னுருச்சு."

சாவு, திருவிழா நேரத்தைக் குறித்துவைத்துக் கணக்கிலிருந்து கழித்துவிடுவோம். அதுதான் எங்கள் வழக்கம். ஒரு நாளில் சில மணி நேரம் போனால் ஒன்றும் ஆகாது. டீக்கடையில் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனேன். வாசலில் பெண்கள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. அக்கா எழுந்து வந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. குரலை எழுப்பாமல் கேட்டார்.

"மெசின்ல எதுவும் விழுந்துருக்காதுங்களே மேடம்? எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"இல்லக்கா."

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், பெற்றவரை அப்படி அனுப்பியது எதற்கு என்று ஆகிவிடும். மாடிக்குப் போனேன். நாளைக்கு ஓட்டிக்கொள்ளலாம் என்று மீட்டரை அணைத்தேன். இறங்கி வந்து, "மெஷின நிறுத்திட்டேன்க்கா" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா."

மாடியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாசல் மண்ணில் அப்படியே உட்கார்ந்து, "என்னப் பெத்த அப்பா" என்று கத்தினார்.