தவசி தேற எத்தனை நாள்

3.6.89 சனி

விடியும்போதே காற்று. கடைக்குள் புழுதி, பெருக்கப் பெருக்க வருகிறது. கம்பி லோடு மதியம்தான் வந்தது. வாசலிலேயே இறக்கிப் போட்டுப் போனார்கள், உள்ளே அடுக்க ஆள் இல்லை.

தபாலில் மில் மேனேஜர் கடிதம். வாலிபால் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். எடுபட்டால் மில்லிலேயே வேலை. "தங்கள் டீமில் உள்ள உயரமான பையன் தேறிவிட்டானா? தேறியிருந்தால் 12ஆம் தேதி அனுப்பவும். இருபத்தொரு வயது முடிந்தவர்களை எடுப்பதில்லை."

தவசிதான் அந்தப் பையன். ஆவணியில் அவனுக்கு இருபத்தொன்று முடிகிறது.

போன வருஷமும் இதே கடிதம். 'இன்னும் ஒரு வருஷம் ஆகும்' என்று எழுதிப் போட்டேன். அப்போது அது உண்மை. பெரும்பாலும்.

4.6.89 ஞாயிறு

மாலை பிராக்டிஸ். ஆளுக்கு இரண்டு குடம் தெளித்தும் கோர்ட்டில் புழுதி அடங்கவில்லை. வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை, கோர்ட்டுக்கு உண்டு. வீட்டுக்காரி சொன்னது, நியாயம்தான்.

தவசி பற்றி யோசித்தது:

86 - விறகைக் கரியாக்கும் மூட்டத்தில் வேலை, அங்கிருந்து நேராக வந்து நின்றான். ஆறடி நாலு அங்குலம். பந்து கிழக்கே வந்தால் மேற்கே குதிப்பான்.

87 - குதித்தால் வலையோடுதான் இறங்குவான். ஊரில் 'லைட்டு மரம்' என்று பெயர்.

88 - பிளாக் பிடிபட்டது. ஸ்மாஷ் பாதி வெளியே. முட்டி வலி.

89 -

நான் ஐந்தடி பத்து. எனக்கு ஆறே மாதத்தில் ஆட்டம் வந்தது. உயரம் கூடினால் நாளும் கூடும். கை கால் எல்லாம் வளர்ந்து முடித்து, அப்புறம் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன். பொய் இல்லை.

வலைக்கு நடுவே சென்டர் இடம் பன்னிரண்டு வருஷமாக என்னுடையது. அவன் தேறினால் அவனுக்கும் அதே இடம்தான். இதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

இன்று ஜெயபால் பத்துப் பந்து தூக்கிக் கொடுத்தான். தவசி அடித்ததில் எட்டு உள்ளே. ஜெயபால் எங்கள் லிஃப்டர், என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன்.

"ஏலே, இவன இன்னும் எத்தன நாளைக்கி வெளியவே ஒக்கார வைக்கப் போற?"

"உசரமான ஆளு. முட்டி உறுதிப்பட நாளாகும்லே."

"அவன் முட்டியா, ஒன் முட்டியா?"

வலையைச் சுருட்டினேன்.

6.6.89 செவ்வாய்

மில்லுக்குப் பதில் எழுதினேன். 'இன்னும் ஒரு வருஷம் ஆகும்.' ஒரே வரி. பெட்டியில் போட்டுவிட்டு டீ குடித்தேன். சர்க்கரை தூக்கல்.

வந்து பார்த்தால் கடை வாசலில் தவசி. வெளியே கிடக்கும் கம்பியை உள்ளே அடுக்க வந்தானாம். முகமெல்லாம் கரித்தூள்.

"அண்ணாச்சி, மில்லுல இருந்து லெட்டர் வந்துச்சாம்ல? போஸ்ட்மேன் சொன்னாக."

"வந்துச்சு."

"நான் தேறிட்டனா?"

"இன்னும் கொஞ்ச நாளாகும்லே."

"சரி அண்ணாச்சி. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

அவ்வளவு கம்பியையும் ஒற்றை ஆளாக உள்ளே அடுக்கி வைத்தான். வாசல் நிலை இடிக்காமல் அவன் தலை குனிந்து உள்ளே வரும்போதெல்லாம் நான் ரசீது புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

9.6.89 வெள்ளி

வலது முட்டி வீக்கம். படி இறங்க முடியவில்லை. நல்லெண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே அவள், "புள்ளைக்கி பத்து வயசாச்சு. இன்னும் நீங்க குதிச்சுக்கிட்டுத் திரியிறீக" என்றாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு மேட்ச் நரிக்குடியோடு. ஆடத்தான் போகிறேன்.

11.6.89 ஞாயிறு

காற்று குறைவு. நல்ல கூட்டம்.

முதல் செட் 9-15, தோல்வி. என் தலைக்கு மேலேயே அடித்தார்கள். இரண்டாம் செட்டில் 2-6. ஒரு பந்துக்குக் குதித்து இறங்கியதும் எழ முடியவில்லை. ஜெயபால் என்னைக் கேட்கவே இல்லை. வெளியே பார்த்து, "தவசி, வாலே" என்றான்.

15-8. மூன்றாவது செட் 15-4.

நடுவில் அவன் கை நீட்டி நின்றால் அவர்களுக்கு அடிக்க இடமே இல்லை. அடித்ததெல்லாம் அவர்கள் காலடியிலேயே விழுந்தது. வேட்டியைச் சுற்றி முட்டியை மறைத்துக்கொண்டு பார்த்தேன். சந்தோஷம் ஒரு பக்கம். வயிற்றெரிச்சல் அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

முடிந்ததும் நரிக்குடி கேப்டன் சண்டைக்கு வந்தார். "உள்ளூர் ஆள வச்சு ஆடுறதாத்தான பேச்சு? கெஸ்ட் பிளேயர எங்கிட்டு இருந்து எறக்குனீக?"

ஜெயபால் சொன்னான்: "நம்மூருதாங்க. மூணு வருசமா அந்தா, அந்தக் கல்லுல ஒக்காந்திருந்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். தவசியும்.

கூட்டம் கலைந்ததும் அவனைக் கூப்பிட்டேன். "நாளைக்கி மொத பஸ்ஸுக்கு வந்துரு. மில்லுக்குப் போறோம்."

"தேறிட்டனா அண்ணாச்சி?"

"தேறிட்டலே."

என் கையைப் பிடித்துக்கொண்டான். மில்லுக்கு நான் எழுதிப் போட்ட பதிலைப் பற்றிச் சொல்லவில்லை.

12.6.89 திங்கள்

கடையைத் திறக்கவில்லை. அருப்புக்கோட்டையில் பஸ் மாறி, மில் போய்ச் சேரப் பத்து மணி.

மேஜை மேல் என் கடிதம். மேனேஜர் எடுத்துப் படித்தார். "ஒரு வருஷம் ஆகும்னு எழுதியிருக்கீங்க. போன வருஷமும் இதே வரிதான். இப்ப கூட்டிட்டு வந்திருக்கீங்களே?"

தவசி பக்கத்தில்தான் நின்றான்.

"தப்பா எழுதிட்டேன் சார்."

"நீங்க எந்த எடத்துல ஆடுறீங்க?"

"சென்டர்."

"தம்பி?"

"அதே எடந்தான் சார்" என்றான் தவசி.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கோர்ட்டுக்கு அனுப்பினார். அரை மணி நேரம் போதுமாக இருந்தது. ஒன்றாம் தேதி வேலையில் சேரச் சொல்லிவிட்டார்கள்.

திரும்பும்போது பக்கத்து சீட்டில்தான் வந்தான். பாலவநத்தம் தாண்டியதும் கேட்டான்.

"நான் தேறிட்டேன்னு எப்பத்துல இருந்து தெரியும் அண்ணாச்சி?"

இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லை. "போன வருசம் சித்திரையில இருந்து" என்றேன்.

தலையாட்டினான். எழுந்து போய் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தான். அந்த சீட்டில் அவனுக்குக் கால் வைக்கவே இடம் கிடையாது.