சாமிக்கு விட்ட கிடா

1957 ஐப்பசி, செவ்வாய் இரவு.

கண்மாய்ப் புறம்போக்கில் சர்க்காருக்காக நாங்கள் நட்ட வேப்பங்கன்றுகளில், ஆடு மேய்ந்ததுபோக ஒன்றுகூட மிஞ்சவில்லை. காவல் என் பொறுப்பு. அதனால் காலையில், ஊரில் ஆடு மேய்க்கும் அடைக்கலத்தின் ஆடுகளைப் பிடித்துப் பவுண்டுத் தொழுவில் அடைத்தேன்.

"முள்வேலியைப் பிரிச்சது என் ஆடில்லைங்க, வாச்சரய்யா. அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட கிடா. அது முன்னால போச்சு, இதுக பின்னால போச்சு. மொதல்ல அதைப் பிடிங்க" என்றார் அடைக்கலம்.

சாமிக்கு விட்ட கிடாவை இங்கே யாரும் கட்டுவதில்லை, விரட்டுவதுமில்லை. மகளுக்குக் காய்ச்சல் இறங்க வேண்டும் என்று அதை நேர்ந்துவிட்டவன் நான்தான். ஊருக்கே தெரியும். அடைக்கலம் மட்டும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

மகள் நன்றாகத் தூங்குகிறாள். மறுபடியும் கன்று நட வேண்டுமாம், ஆபீஸிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. கிடாவை வெட்டச் சித்திரைத் திருவிழா வர வேண்டும்; அதுவரை அது அவிழ்ந்தேதான் திரியும்.