தலையைக் கேட்காத வால்

14 ஒக்டோபர், செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் அசையவேயில்லை. குடை ஆய்வுகூடத்தில் கிடக்கிறது. நனைந்தபடி ஆஸ்பத்திரிக்கு.

கடையில் விழுந்த வாப்பா இன்னும் கண் திறக்கவில்லை. தலைக்குள் இரத்தம். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தனியே கூப்பிட்டார். "திரும்பவும் சோதிச்சுப் பாத்திட்டம். மூளை செத்திட்டுது. மெசின்தான் மூச்சு விடுது. தம்பிக்கு நீங்கள்தான் விளங்கப்படுத்த வேணும்."

வெளியே வந்தால் தம்பி ரிஸ்வான் சிரித்துக்கொண்டு நிற்கிறான். "வாப்பாட கை ஆடினிச்சு ராத்தா! என்ட கண்ணால கண்ட."

டொக்டர் சொன்னதை அவனிடம் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

15, புதன்

மழை. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும். பேராதனைக்கு, வேலைக்கே போனேன்.

தேள் கூண்டுகளுக்குத் தண்ணீர். நரம்புப் பதிவு. உம்மாவுக்குப் பிரஷர் குளிசை வாங்க வேண்டும் (மறந்துவிட்டேன்).

தேளின் தலைப்பக்கம் பெரிய நரம்பு முடிச்சு. அங்கிருந்து வால்வரை ஒரு நரம்புக் கயிறு, வழியெல்லாம் சின்ன முடிச்சுகள். தலையோடு தொடர்பு அறுத்த வாலைத் தூரிகையால் தொட்டேன். திரையில் கோடு துள்ளியது. கொடுக்கு எழும்பியது. தொட்ட செய்தி வால் முடிச்சுக்குப் போய், அங்கிருந்தே கட்டளை திரும்பிவிடுகிறது. தலையை யாரும் கேட்பதில்லை.

எத்தனையோ தரம் பார்த்ததுதான். இன்று தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். வாப்பாவின் கை ஆடியதும் இப்படித்தான். முதுகெலும்பு நரம்பின் வேலை.

16, வியாழன்

ஆஸ்பத்திரி கன்ரீனில் தம்பியிடம் சொல்லிவிட்டேன். பிளேன்டீ ஆறிப்போனது. தேளை ஏன் இழுத்தேனோ. எனக்குத் தெரிந்தது அதுதான்.

"வாப்பா தேளா ராத்தா?"

எழும்பிப் போய்விட்டான். பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் ஜன்னலைப் பூட்டிவிட்டாள், மழை என்று.

17, வெள்ளி

தூறல். ஜும்ஆத் தொழுகை முடிந்து தம்பி வந்தான், கண் வீங்கி. "நீங்க படிச்ச ஆள். நீங்க செல்லுறதுதான் சரி. டொக்டருக்கிட்ட மெசின எடுக்கச் செல்லுங்க."

டொக்டர் வரும்வரை வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூடாக இருந்தது. கடையில் துணி வெட்டி வெட்டிக் காய்த்த பெருவிரல். மெதுவாக மடங்கி, என் விரலை இறுக்கியது.

முதுகெலும்பு நரம்பு. தெரியும். எனக்குத் தெரியும்.

டொக்டர் வந்தார். தம்பி தலையாட்டினான்.

"இண்டைக்கு வேணாம் டொக்டர்." சொன்னது நான்தான். "வாப்பா என்ட கையப் புடிச்சிக்கிட்டு ஈக்கிறாங்க."