ஆயுத பூஜையன்று கட்டிய டேப்

அக்ரஹாரம், மைசூர்
16.11.1996

என் அன்பான மாமாவுக்கு, உங்கள் வீட்டுக்காரி ஜீவிதா எழுதுவது. நானும் அத்தையும் வயிற்றிலிருப்பதும் சுகம். மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அத்தை கேட்கச் சொன்னார். போனில் பேசினால் எனக்கு அழுகைதான் முந்துகிறது. அதனால் சம்பள மென்பொருளின் புது டேப் வரும் கூரியரிலேயே இதையும் வைக்கிறேன்.

வேலையை ராஜினாமா செய்துவிட்டு, கொள்ளேகாலத்தில் மஞ்சள் பயிர் போடப் போவதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தப்பு உங்கள் மேல் இல்லை, கேளுங்கள்.

ஆயுத பூஜைக்கு நம் ஆபீஸ் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மிஷினுக்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நிறுத்திவிட்டார்கள். மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாதே! மஸ்கட்டில் நீங்கள் போட வேண்டிய டேப் அன்றைக்கே போக வேண்டும் என்றதும் நம் முதலாளி பசவராஜ் சார், பூஜையில் வைக்காத புது விண்டோஸ் மிஷினில் சம்பள மென்பொருளை மூட்டையாக டேப்பில் கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார். யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் ஓட்டலாம் என்று அனுமதி உண்டல்லவா? விண்டோஸ் வழியாகப் போனதில் அது ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால்தான் அங்கே எதுவும் ஓடவில்லை.

நீங்களும் லேசுப்பட்டவரா? அவசரத்தில் எல்லாக் கோப்புகளையும் எல்லாருக்கும் திறந்துவிட்டு, அந்தக் கம்பெனி மேனேஜரின் சம்பளத்தைக் குமாஸ்தாக்கள் அத்தனை பேரும் பார்க்கும்படி செய்துவிட்டீர்கள்! சிரிப்பு வந்தது. ஆனால் அவர் நாலு பேர் முன்னால் உங்களை முட்டாள் என்றது எனக்கு வலிக்கிறது.

இப்போது டேப் கட்டும் நம் பில்ட் புரோகிராமையே மாற்றிவிட்டேன். எந்த மிஷினில் கட்டினாலும் ஒவ்வொரு கோப்பின் அனுமதியும் கூடவே டேப்பில் போகும். பிரிக்கும் இடத்தில் தானாகவே பழையபடி அமையும். விண்டோஸில் கட்டி யூனிக்ஸில் பிரித்தேன், முதல் தடவையே ஓடியது. சம்பளக் கோப்பு ஒன்றை என் பெயரில் திறக்கப் பார்த்தேன், அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. ஆபீஸ் என்றும் பாராமல் கை தட்டிவிட்டேன்.

பிறகு பசவராஜ் சாரிடம் போய், தப்பு மைசூரில்தான் நடந்தது என்று மஸ்கட்டுக்கு எழுதச் சொன்னேன். மிஷின் பூஜையில் இருந்தது என்று எப்படியம்மா எழுதுவது என்று நெளிந்தார். பூஜையை விடுங்கள், என் புருஷன் மேல் குற்றமில்லை என்று எழுதுங்கள், அதுவரை நகரமாட்டேன் என்றேன். ஏழு மாத வயிற்றோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் சிரித்துவிட்டார். ஃபேக்ஸ் போய்விட்டது.

அத்தையோ, என்ற பையன் எதுக்குத் தலையைத் தொங்கப் போடோணும், நிமிந்து நிக்கச் சொல்லு கண்ணு என்கிறார்.

அந்த மேனேஜர் முன்னாலேயே இந்த டேப்பை ஓட்டிக் காட்டுங்கள். அதன்பிறகும் மஞ்சள்தான் போடுவேன் என்றால், நானும் வந்து களை பறிக்கிறேன். ஆனால் அவர் சொன்ன சொல்லைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வராதீர்கள் மாமா. லீவு கேட்டு வாருங்கள். பிள்ளையை முதலில் நீங்கள்தான் கையில் வாங்க வேண்டும்.

சாமுண்டியம்மன் உங்கள் கூடவே இருப்பாள்.

வழி பார்த்திருக்கும்,
ஜீவிதா