தோட்டம் கூட்டாத காலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம். எல்லாக் கடிதத்திலும் வருகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே. போன கடிதத்தில் இந்த வரியை எழுதக் கை வராமல்தான் நேராக விஷயத்துக்குப் போனேன். இன்று மனசார எழுதுகிறேன்.

நீ அனுப்பிய முதியோர் இல்லத்துத் தாள்களை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்து மறுபடி அனுப்பிவைக்காதே. ஒன்றாம் தேதியிலிருந்து அப்பாவுக்கென்று பிடித்து வைத்த அறை வேண்டாம் என்று அவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடு. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் எந்நேரமும் காதுக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறார், சிலதை அவர் காதுபட என்னால் சொல்ல முடியாது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். காலை ஆறு மணிக்கு நம் தோட்டத்துக்கு நீர்நாய் வருகிறது என்று அப்பா சொல்ல ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. முதலில் ஒன்று என்றார், பிறகு மூன்று, பிறகு ஐந்து. பின்பக்கக் கால்வாயிலிருந்து வேலிக்கடியில் புகுந்து, நம் நடைபாதையைத் தாண்டி, பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் தோட்டத்து மீன் தொட்டிக்குப் போகின்றன என்றார். ஒருநாள், தெருவில் மனிதர்கள் கடக்கப் போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டின் மேல் ஐந்தும் வரிசையாக நடந்து போனதாகச் சொன்னார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. இத்தனை பஸ்ஸும் லாரியும் ஓடுகிற ஊரில் வேறு யார் கண்ணிலும் படாத மிருகம் இவர் கண்ணுக்கு மட்டும் எப்படி அகப்படும்? பல் டாக்டரிடம் ஜாடையாகக் கேட்டேன். "பூனையா இருக்கும்மா, என் மீனெல்லாம் அதுதான் தின்னுட்டுப் போகுது" என்று சிரித்தார்.

அதே வாரம் அப்பாவின் ஒற்றைச் செருப்பு காணாமல் போயிற்று. கேட்டால், குட்டி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றார். அன்று மதியமே உட்கார்ந்து உனக்கு எழுதினேன். அப்பாவுக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, என்னால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை, ஏதாவது செய் என்று. நீயும் செய்தாய். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

யோசித்துப் பார், முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்த மனிதர். வீடு பூட்டிக் கிடந்தால் மற்றவர்கள் உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் 'பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டு மறுநாள் போய்க் கதவைத் தட்டுவார். கண்ணால் பார்க்காத எண்ணை ஒரு நாளும் எழுதியதில்லை. நீர்நாயையும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார், மிச்சமிருந்த ஒரு மீட்டர் நோட்டில். தேதி, மணி, எந்த இடம், எத்தனை. அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்திருக்க வேண்டும். எனக்கோ பயம்தான் அதிகமாயிற்று. பிரமை முற்றிப்போய் எழுத்தில் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

இனி உன் அம்மாவின் பெருமையைக் கேள். காலை ஆறேகாலுக்கு விளக்குமாறு, வாளி, ரப்பர் குழாய் சகிதம் நான் தோட்டத்தில் இறங்குவது உனக்குத் தெரியும். நீ பிறந்த வீட்டில் ஒரு சருகு தங்கியதுண்டா? இந்த மூன்று மாதமாக நடைபாதையில் தினமும் ஈரமும் நாலு மீன் செதிலும் கிடக்கும். பூனையைத் திட்டிக்கொண்டே கூட்டி அள்ளி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவேன். அவருடைய சாட்சியையெல்லாம் அவர் கண் முன்னாலேயே கழுவி விட்டிருக்கிறேன், பாப்பா. "ஒரு நாள் ஆறு மணிக்கு என்கூட வந்து நில்லேன்" என்று மூன்று தடவை கூப்பிட்டார். எனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டேன். இருந்ததே, குழாயைத் திறந்து வாளியை டங்கென்று வைக்கிற வேலை. அந்தச் சத்தத்துக்கு எந்த மிருகம் நிற்கும்?

போன செவ்வாய்க்கிழமை குளியலறைப் படியில் எனக்குக் கால் பிசகியது. பதறாதே, வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் புதன்கிழமை காலையில் ஊன்றி நிற்க முடியவில்லை. அப்பா என்னைச் சமையலறை ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்து, காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, அடுப்பின் பக்கம் திரும்பி டீ போட்டுக்கொண்டிருந்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளாக நான் தோட்டம் கூட்டாத முதல் காலை அது. விழுந்து கிடந்த சருகுகளைப் பார்த்துக் கை பரபரத்தது.

அப்போது வேலிக்கடியில் ஒரு தட்டையான தலை தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக ஐந்தும் வந்தன. நனைந்த உடம்போடு, சொந்த வீட்டுக்குத் திரும்புகிறவர்களைப் போல, நம் நடைபாதையில் சாவகாசமாக நடந்தன. கடைசிக் குட்டி பூந்தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, ஓடிப்போய் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. கையை எட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். எத்தனை என்று கேட்டார். ஐந்து என்றேன். உள்ளே போய் நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்து என் மடியில் வைத்து, நீயே எழுது என்றார். அவர் வேலை பார்த்த ஆபீசில், ரீடிங் தப்பு என்று யாராவது புகார் கொடுத்தால் அதே ஆளை மறுபடி அனுப்ப மாட்டார்களாம். வேறொருவர் போய்ப் பார்த்துத் தன் கையால் எழுத வேண்டுமாம். "நான் நூறு தடவை பார்த்தாலும் செல்லாது. நீ ஒரு தடவை பார்க்கணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றார். ஒரு துளி கோபம் இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

டீயில் சர்க்கரை போட மறந்திருந்தார். ஆமாம், மறதி இருக்கிறது. பஸ் நம்பர் மறக்கிறார், உன் வீட்டுக்காரர் பெயர் சட்டென்று வராமல் தவிக்கிறார். இதெல்லாம் வயதுக்கு வருவதுதான் என்று, நான் அவரைக் கூட்டிப்போய்க் காட்டியபோதே நம் குடும்ப டாக்டர் சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை. மறுநாள் பல் டாக்டரும் வேலியோரம் பல் தேய்த்தபடி நின்றவர், ஐந்தையும் பார்த்துவிட்டு பிரஷை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றார். பூனையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். செருப்பு இன்னும் கிடைக்கவில்லை. குட்டிதான் எடுத்தது என்பதை இப்போது நம்புகிறேன். எத்தனை நாளைக்குப் பிறகு நேற்று நன்றாகத் தூங்கினேன் தெரியுமா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதன்கிழமை மதியம் அந்த நோட்டைத் திரும்ப வைக்க அவருடைய அலமாரியைத் திறந்தேன். வேலைக்குத் தூக்கிக்கொண்டு போவாரே அந்தத் தோல் பை, அடித்தட்டில் உப்பலாக இருந்தது. உள்ளே நாலு சட்டை, சால்வை, ஷேவிங் சாமான். எல்லாவற்றுக்கும் மேலே அந்த இல்லத்தின் படம் போட்ட தாள், என் புடவைகளுக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்தது. எல்லாம் தெரிந்திருக்கிறது, பாப்பா. கிளம்புங்கள் என்று சொன்னால் ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பத் தயாராக இருந்திருக்கிறார். 'நான் ஒன்றும் பார்க்கவில்லை, சும்மா சொன்னேன்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த ஏற்பாட்டை நான் அன்றே விட்டிருப்பேன். அதை மட்டும் அவர் சொல்லவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு சட்டைகளை எடுத்துப் பழையபடி மாட்டி வைத்தேன். சாயங்காலம் அலமாரியைத் திறந்தவர் பார்த்திருப்பார். வெறும் பையை மடித்து மேல்தட்டில் வைத்துவிட்டு டீ போடப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது உடம்பு எப்படி, மாத்திரை போட்டீர்களா என்று ஆரம்பிக்காதே. இன்றைக்கு எத்தனை வந்தது என்று கேள். நீளமாகச் சொல்வார், அவசரப்படுத்தாதே. இல்லத்தைப் பற்றி அவராகக் கேட்கமாட்டார். அந்த ஏற்பாட்டை நீதான் ஆரம்பித்தாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் போல. அவரிடம் சொல்லிவிடு, முதலில் எழுதியது அம்மாதான் என்று. நானே சொல்லத் தினமும் வாயெடுக்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். நீ சொல்வதை நம்புகிற ஒருவர் எந்நாளும் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா